போர்வை ஓரத்து நிறம்

என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது என்னைக் கேட்டால் அம்மா முந்திக்கொள்வாள். "கம்ப்யூட்டர்ல பொம்மைங்களுக்குச் சட்ட போடறான்" என்பாள். கேட்டவர் மாதா கோயிலில் பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். முதலில் எல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. இத்தனை வருடம் இதே வேலையைச் செய்தும் இதைவிடத் தெளிவாக எனக்கே சொல்ல வரவில்லை.

சண்டை விளையாட்டு ஒன்றில் ஒரு சிப்பாய் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவன் சாம்பல் நிறத்தில், கண் திறக்காத களிமண் பொம்மை போல இருப்பான். அவன் தோலை உரித்துத் தட்டையாக விரித்துவைத்த மாதிரி ஒரு படம் உண்டு. முகம் ஒரு மூலையில், கைகள் ஒரு மூலையில், முதுகு நடுவில். டெக்ஸ்சர் என்பார்கள். அந்தப் படத்தில் நான் எதை வரைகிறேனோ அது அவன் உடம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அவனைப் போலவே நூறு பேர் வருவார்கள். பாதிப் பேர் இந்த அணி, பாதிப் பேர் அந்த அணி. யார் யாருடைய ஆள் என்று எப்படித் தெரியும்? அதற்காக உடையில் ஓர் இடத்தை மட்டும் அணியின் நிறத்துக்கென்று ஒதுக்கவேண்டும். அதே அளவில் இன்னொரு கறுப்பு வெள்ளைப் படம் செய்து, அந்த இடத்தில் மட்டும் வெள்ளை பூசினால் போதும். வெள்ளை இருக்கும் இடத்தில் அணி நிறம் வந்து நிரம்பிக்கொள்ளும். மற்ற இடம் அப்படியே இருக்கும். அவ்வளவுதான் வித்தை.

இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. ஒரு நண்பனோடு விளையாடுவதற்காக நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டது. இன்று எனக்குச் சோறு போடுவது இதுதான். அந்த நண்பன் என்னோடு பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. தப்பு அவனுடையது இல்லை.

கள்ளக்குறிச்சியில் டிப்ளமோ படித்தோம். எனக்கு ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம். அவனுக்குக் கல்வராயன் மலை. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ஊர். ஹாஸ்டலில் எட்டுப் பேர் இருந்த அறையில் எங்கள் இருவர் பாயும் பக்கத்தில் பக்கத்தில். முதல் வாரமே அவனுக்கு 'மலைக்காரன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்களில் நானும் ஒருவன். பரீட்சையில் தேறினாலும் மலைக்காரன், தவறினாலும் மலைக்காரன். அவன் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமான்டா, நான் மேல கீறவன். நீங்கள்லாம் கீழ கீறவனுங்க" என்று சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான்.

அரசாங்கம் கொடுத்த லேப்டாப் எல்லோரிடமும் இருந்தது. எவனோ ஒரு பென்டிரைவில் பழைய சண்டை விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். ஊர் கட்டவேண்டும், வயல் போடவேண்டும், ஆள் சேர்க்கவேண்டும், எதிராளியின் ஊரைப் பிடிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பை முடித்துவிட்டு லேப்டாப்புகளை வயர் போட்டு இணைத்து உட்கார்ந்தால் காப்பி மணி அடிக்கும்வரை சண்டைதான். அந்த விளையாட்டில் அவனுக்குப் பிடிக்காத ஒரே விஷயம் சிப்பாய்கள்.

"இவனுங்கள்லாம் யாருடா, இரும்பு மாட்டிக்கினு நிக்கறானுங்க? வெயில்ல வெந்துற மாட்டானுங்க?" என்பான். "எங்க ஊர் ஆளுங்களப் போடுடா. போர்வ போத்திக்கினு, கையில கொடுவாளு. அவனுங்க வந்தா இவனுங்க நிப்பானுங்களா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது பிடித்துக்கொண்டது. சிப்பாயின் படத்தை எடுத்து, இரும்புச் சட்டையை அழித்து, அந்த இடத்தில் மலையில் குளிருக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளியை, சிலருக்குப் புதுசாகவும் சிலருக்கு வெளுத்தும், வரைந்தேன். ஒரு மாதம் ஆனது. முதலில் அணி நிறம் வைக்கும் வித்தை எனக்குத் தெரியாததால் இரண்டு பக்கமும் கறுப்புப் போர்வைகள். எல்லோரும் தங்கள் ஆட்களையே வெட்டிக்கொண்டார்கள். அறையே உருண்டு சிரித்தது. பிறகு அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தேன். போர்வையின் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை பூசினேன். ஓர் அணிக்கு ஓரம் சிவப்பாகவும் இன்னோர் அணிக்குப் பச்சையாகவும் வந்தது. கோயில் வேட்டிக் கரை மாதிரி அழகாக இருந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் குழப்பம் இல்லை.

அவனுக்கு மட்டும் தீரவில்லை. தொடர்ந்து சொந்த ஆட்களையே வெட்டினான். ஒரு தடவை தன் ஊர் நெல் களத்தையே கொளுத்திவிட்டான். "மலைக்காரன் அவன் வூட்டுக்கே நெருப்பு வெச்சிட்டான்டா!" என்று பக்கத்து அறைக்காரர்களெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். "அவனுங்க எனுக்கு அடங்கல. அதான் வெட்டுனேன்" என்று அவன் சமாளித்தான்.

ஒரு ஞாயிறு மற்றவர்கள் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். நான் போர்வையில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தேன். அவன் என் தோளில் முகவாயை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓரத்துல கலரு போட்டேன் கலரு போட்டேன்னு சொல்லிக்கினு கீறியே, அது எங்கடா?" என்றான்.

கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். சிவப்பும் பச்சையுமாகப் பத்துப் பேரைக் கலந்து நிறுத்தி, "பச்சையெல்லாம் ஒரு பக்கம் இழு பாக்கலாம்" என்றேன். அவன் தயங்கவே இல்லை. மளமளவென்று பிரித்துவைத்தான். பிரித்த இரண்டு பக்கத்திலும் சிவப்பும் இருந்தது, பச்சையும் இருந்தது.

"எத வெச்சிடா பிரிச்ச?"

"இவனுங்க போர்வ புதுசு. அவனுங்க போர்வ பழசு, வெளுத்துப்போச்சி. இதானே நீ கேட்ட?"

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையாகவே சரியாகச் செய்துவிட்ட திருப்தியில் என்னைப் பார்த்தான். பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் ஒரே வரியில் படித்த நோய் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். எத்தனையோ தடவை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "டேய், உனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியுது போலக்கீது." எட்டே வார்த்தை. ஆனால் அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அறையில் யாருக்காவது தெரிந்தால் மலைக்காரன் என்ற பேரோடு குருடன் என்றும் சேர்த்துவிடுவார்கள். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருவன்.

மறுநாள் நிறங்களை மாற்றினேன். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு சின்ன ஃபைலில் ஒவ்வோர் அணிக்கும் அதன் நிறத்தைச் சொல்லும் மூன்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றை அழித்து வேறு எண்களை எழுதினேன். சிவப்பு போய் நீலம் வந்தது, பச்சை போய் மஞ்சள் வந்தது. எல்லோரிடமும், "அந்தக் கலர் கண்ண உறுத்துதுடா" என்று சொன்னேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் ஜெயித்தான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்றாவது தடவை என் ஊரைப் பிடித்துவிட்டு டிரங்குப் பெட்டிமேல் ஏறி நின்றான். "இப்பத்தான்டா நீ ஒழுங்கா பண்ணிக்கீற! முன்ன எல்லாரும் சேத்துல பொரண்டு எழுந்த மாதிரி இருந்தானுங்க" என்று கத்தினான். நான்தான் அதிகமாகக் கைதட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எதற்கும் கைதட்டியதில்லை. நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்று முழுக்க உள்ளுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது.

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. ரயில் ஓட்டவேண்டும். மலையில் பிறந்தவனுக்கு ரயில் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால், "மேல ஏறுனா வண்டி வளைஞ்சி வளைஞ்சிதான்டா போவும். நேரா போவற வண்டி ஒண்ணு ஓட்டணும்" என்பான். விடுமுறை நாளில் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு என்னை இழுத்துக்கொண்டு போவான். பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் உட்கார்ந்து கடலை தின்போம். ஒருமுறை சிக்னல் மாறியது. "இப்ப வண்டி வரும் பாரு" என்றான் சந்தோஷமாக.

"இன்னா கலர்டா எரியுது?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"மேல எரியுது. மேல எரிஞ்சா போவணும், கீழ எரிஞ்சா நிக்கணும். இதுகூட தெரியாதா உனுக்கு?"

நான் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் கொழுக்கட்டையா என்று அம்மா கேட்பாளே, அப்படி உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தது. எஞ்சினில் இருந்தவருக்கு அவன் எழுந்து நின்று கையாட்டினான்.

அந்த வருடம் செமஸ்டர் லீவில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா மரவள்ளி அவித்து வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தக்காளி போட்டிருந்தார்கள். குழம்புக்குப் பறித்துவரச் சொன்னதும் அவன் செடிக்குச் செடி குனிந்து ஒவ்வொரு காயையும் விரலால் அமுக்கிப் பார்த்தான். அமுங்கியதை மட்டும் பறித்தான். "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான் தம்பி. அமுக்கிப் பாக்காம பறிக்கவே மாட்டான். பழத்துமேல அவ்ளோ நம்பிக்க கம்மி" என்று அவன் அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தத் தோட்டத்தில் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

டிப்ளமோ முடிந்தது. ஒரகடத்துக் கம்பெனி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. அவன் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்து ரயில்வே தேர்வுக்குப் படித்தான். நானும் அதே அறையில் இருந்தேன். எனக்கு அப்போதே வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்குச் சிப்பாய் உடை வரைந்துகொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. நான் ஒரு மூலையில் போர்வைகளுக்கு ஓரம் பூசுவேன். அவன் இன்னொரு மூலையில் கணக்குப் போடுவான். இரண்டரை வருடம் இப்படிப் போனது.

எங்கள் பக்கத்தில் எந்த வேலைக்கும் விண்ணப்பத்தை அவனவன் போடுவதில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவன் கையில் சான்றிதழ் பையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். அவனுக்கு நான் போட்டேன். பேர், அப்பா பேர், சாதிச் சான்றிதழ் எண் என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போனேன். மருத்துவத் தகுதி என்று ஒரு பக்கம் வந்தது. கண் பார்வை இன்ன அளவு இருக்கவேண்டும், நிறங்களைப் பிரித்தறியும் பார்வை குறையில்லாமல் இருக்கவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. படித்தேன், ஒத்துக்கொள்கிறேன் என்பதற்குக் கீழே ஒரு கட்டம்.

"இன்னாடா போட்டுக்கீது?" என்றான்.

"கண்ணு நல்லா இருக்கணுமாம்."

"எனுக்குக் கண்ணாடியே கெடையாது. டிக் போடு."

போட்டேன். என் விரல்தான் அழுத்தியது.

ஏன் போட்டேன் என்பதற்கு ரொம்ப நாள் எனக்கே நல்ல நல்ல காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் டாக்டரா, எனக்கென்ன தெரியும் என்றேன். அவன் மனசு உடைந்துவிடும் என்றேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்று, இதைப் பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் சொல்வது என்று தெரியாமல், பூசைக்கு வராத பாவத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். உண்மையான காரணம் இதுதான்: அவன் தேற மாட்டான் என்று நினைத்தேன். லட்சக்கணக்கான பேர் எழுதும் தேர்வு. எழுத்துத் தேர்விலேயே நின்றுவிடுவான், நான் வாயைத் திறக்கவேண்டிய நாளே வராது என்று கணக்குப் போட்டேன். கூடவே படுத்து, கூடவே சாப்பிட்டு, கடைசியில் நானும் அவனை மலைக்காரன் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அவன் தேறினான். முதல் தேர்வில் தேறினான். இரண்டாவதில் தேறினான். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துக் கவனத்தைச் சோதிக்கும் தேர்விலும் தேறினான். அவன் ஊரில் ஆடு வெட்டினார்கள். மலைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "இவன்தான் எனுக்கு அப்ளிகேஷன் போட்டுக் குடுத்தான்" என்று ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டினான். ஊர்ப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இலையில் கறி வைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அந்தச் சோற்றையும் தின்றேன்.

மெடிக்கலுக்குச் சென்னைக்குப் போனான். மறுநாள் மத்தியானம் அறைக்குத் திரும்பிவந்து பையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தான்.

"ஒரு புஸ்தகம் காட்டுனாங்கடா. பக்கம் பூரா புள்ளி. அதுல நம்பர் கீதாம், படின்னாங்க. நான் எங்கடா நம்பர்ங்கறேன். பக்கத்துல நின்னவன்லாம் எட்டு, ஆறுன்னு சொல்லிக்கினே போறான். அவனுங்க என்ன ஏமாத்தறானுங்கன்னு நெனச்சேன்." பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணுல இன்னாவோ கொறையாம். ஆபரேஷன் பண்ணா சரியாப்பூடும்ல?" என்று என்னைக் கேட்டான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறவியிலேயே வருவது, அம்மா வழியில் வருவது, இதற்குக் கண்ணாடியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை என்றார். இதனால் வேறு கெடுதல் எதுவும் கிடையாது, ஆனால் ரயில் ஓட்ட விடமாட்டார்கள் என்றார். "அக்கா தங்கச்சி இருந்தா அவங்க ஆம்பளப் பசங்களுக்கும் இருக்கலாம். சின்ன வயசுலயே பாத்துடுங்க. தெரிஞ்சிக்கினா அதுக்கேத்த மாதிரி வேலைய யோசிக்கலாம்ல" என்றார். அவன் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டினான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேம்ல மொதல்ல செவப்பும் பச்சையும்தானே வெச்சிருந்த?" என்றான்.

"ஆமா."

"அப்பறம் நீலமும் மஞ்சளும் ஆக்கிட்ட."

நான் டீக்காரருக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

"நான் பிரிச்சி வெச்சனே, புதுப் போர்வ பழைய போர்வன்னு. அதுக்கு மறுநாளு மாத்துன."

கண்ணை உறுத்தியது என்று அந்தப் பழைய பொய்யை இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதுவும் நேர்மையால் இல்லை, நாக்கு எழவில்லை. அவன் டீயை முழுக்கக் குடித்துவிட்டுக் கிளாஸைப் பலகையில் வைத்தான். அவன் கத்தியிருந்தால், கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால், நான் பிழைத்திருப்பேன்.

"நாலு வருஷம்டா" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "நானு கிளார்க் வேலைக்குப் படிச்சிருப்பன்ல."

வெள்ளிமலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறிக்கொண்டான். நான் ஜன்னலருகே போய் நின்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அறையிலிருந்த அவன் புத்தகங்களை எடுக்க அவன் வரவே இல்லை. போன் எண்ணையும் மாற்றிவிட்டான்.

மூன்று மாதம் கழித்து அந்தப் புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். காலில் விழுவதானாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவோடு போனேன். அவன் இல்லை. அவன் அம்மா மட்டும் இருந்தார்.

"கேரளாவுக்குப் போய்க்கீறான் தம்பி. மொளவு பறிக்கற வேலைன்னு ஊர்க்காரங்களோட போனான். அங்க பழுத்த கொத்தாப் பாத்துப் பறிக்கணுமாம். இவனுக்கு ஒத்துவரல. இப்ப மூட்ட தூக்கறான்" என்றார். எனக்குத் தட்டு வைத்துச் சாமைச் சோறு போட்டார். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நானு பெத்தவ, எனுக்கே தெரியல. தக்காளிய அமுக்கனா அது ஒரு நோவுன்னு யாரு கண்டாங்க? நீ படிச்ச புள்ள, கூடவே இருந்த. உனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்ப."

அவன் தன் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. குழம்பு காரம் என்று சொன்னேன். அவர் பதறிப்போய் மோர் கொண்டுவந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கிவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ விளையாட்டுகளுக்கு அணி நிறம் வைத்துவிட்டேன். சிவப்பும் பச்சையும் எதிரெதிராக வந்தால் வேலை கொடுத்தவனோடு சண்டை போட்டு மாற்றவைப்பேன், இல்லையென்றால் ஓர் அணிக்குக் கோடு போடுவேன். இதற்காக, விளையாடுகிறவர்களில் சில பேர் என்னைப் பாராட்டிக் கடிதம்கூட எழுதுகிறார்கள். படிக்கும்போது எரிச்சலாக வரும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து அம்மாவோடு வந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான்தான்" என்றான்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அம்மாவை முன்னால் போகச் சொன்னேன். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். அவன் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தான். மலைக்கு வந்திருக்கிறானாம். அவன் அக்கா மகனுக்கு ஏழு வயது. தக்காளியை அமுக்கிப் பார்க்கிறானாம்.

"கீழ கூட்டிக்கினு வாடா, டாக்டர்கிட்ட நானே..."

"அத நான் பாத்துக்கறேன்." அவன் குரல் சில்லென்ற தண்ணீர் மாதிரி இருந்தது. "புஸ்தகம் வெச்சிக் கேட்டா பயந்துடுவான். வெளையாட்டா கேக்கணும். அந்தப் பத்து ஆளு நிக்க வெச்சியே, செவப்பு பச்ச. அத போன்ல பாக்கற மாதிரி படமா அனுப்பு." போனை வைக்கும் முன் சேர்த்துச் சொன்னான்: "மாத்தாம அனுப்பு."

வீட்டுக்கு வந்து பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். போர்வை இருந்தது. ஓரத்துக்கு வெள்ளை பூசிய படமும் இருந்தது. நிறத்தின் எண்கள் மட்டும் இல்லை. அவற்றை அழித்துவிட்டுத்தானே நீலத்தையும் மஞ்சளையும் எழுதினேன். நினைவிலிருந்து அந்தச் சிவப்பையும் பச்சையையும் திரும்பக் கொண்டுவந்தேன். பத்துப் பேரை அன்று மாதிரியே கலந்து நிறுத்தினேன். ஓரங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்கக் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் அவனே கூப்பிட்டான். என்னிடம் பேசவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டான் போல. கோழிகளின் சத்தம் கேட்டது.

"இதுல ரெண்டு ஊரு ஆளுங்க நிக்கறாங்க. யாரு யாரு எந்த ஊருன்னு பிரிச்சிச் சொல்லு பாக்கலாம்" என்று அவன் சொன்னது கேட்டது.

திரையில் ஒவ்வோர் ஆளாக விரலால் தட்டும் சத்தம். பிறகு ஒரு சின்னக் குரல், "எல்லாம் ஒரே ஊருதான் மாமா. கொஞ்சம் பேரு போர்வதான் பழசு" என்றது.

மறுமுனையில் அவன் ஒரு பெருமூச்சு விட்டான்.

"இங்க வா. மாமா பக்கத்துல ஒக்காரு" என்றான். "உங்கண்ணு நல்ல கண்ணு. ஆனா செவப்பும் பச்சையும் உனுக்கு ஒண்ணாத் தெரியும். எனுக்கும் அப்படித்தான். அது நம்ம தப்பு இல்ல. ரயிலு ஓட்டறது, போலீஸு, அதுக்கெல்லாம் உட மாட்டாங்க. மத்த எந்த வேல வேணும்னாலும் பாக்கலாம். நீ இன்னா படிக்கணும்னு நாம இப்பவே யோசிச்சி வெச்சிக்கலாம். வெளங்குதா?"

"அவ்ளோதானா மாமா?" என்றது அந்தக் குரல். "நான் வெளையாடப் போவட்டா?"

"போ."

ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. நான் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். போன் கட்டாகிவிட்டது. திரையில் நேரம் காட்டியது, மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவன் அதைச் சொல்ல எடுத்துக்கொண்டது அதில் ஒரு நிமிடம் இருக்கும்.